தண்டிக்கப்படாத பிள்ளை: ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ திரைப்படம் பற்றிய இறையியல் திறனாய்வு

மரணத்தைக் குறித்துப் பெரியவர்களிடம் பேசுவதற்குத் திருச்சபை நெடுங்காலமாகப் பயின்றிருக்கிறது. அடக்க ஆராதனைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. துயருற்றோர் இல்லத்தில் வாசிக்க வேண்டிய வேதபகுதிகள் உண்டு. உயிர்த்தெழுதலின் நம்பிக்கையை எடுத்துரைக்கும் பிரசங்கங்கள் உண்டு. ஆயினும், தாய் ஓர் அறையில் நோயுற்று மெலிந்துகொண்டிருக்க, அடுத்த அறையில் தனியே உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் பேசுவதற்கு நம்மிடமுள்ள சொற்கள் மிகச் சில. அச்சில சொற்களும் பெரும்பாலும் உண்மையை மறைப்பனவாகவே அமைந்துவிடுகின்றன. இக்குறையைக் கூர்மையாக உணர்த்தும் படைப்புகளுள் ஒன்று, 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ என்னும் ஆங்கிலத் திரைப்படம். பூதம் தோன்றும் கற்பனைக் கதை என்பதனால் இதனைச் சிறுவர்க்கான பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுவதற்கில்லை. குற்றவுணர்வு, தண்டனை, மன்னிப்பு ஆகிய மூன்றையும் பற்றி இப்படம் எழுப்பும் வினா, போதகராயிருப்போரும் போதகராகப் பயில்வோரும் விடையிறுக்க வேண்டிய வினாவாகும்.

1. படத்தின் பிறப்பு

இப்படத்தின் மூலக்கதையே ஒரு மரணத்தினின்று பிறந்தது. லண்டனில் அயர்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்த சிவோன் டவுட் என்னும் எழுத்தாளர், மார்பகப் புற்றுநோயால் துன்புற்ற காலத்தில் இக்கதையின் கருவை உருவாக்கினார். அதனை எழுதி முடிக்குமுன் 2007ஆம் ஆண்டில் அவர் காலமானார். அவர் விட்டுச்சென்ற கருவைக் கொண்டு பேட்ரிக் நெஸ் எழுதி, ஜிம் கே ஓவியம் வரைந்த நாவல் 2011இல் வெளிவந்தது. பிரிட்டனில் சிறுவர் நூல்களின் எழுத்துக்கு வழங்கப்படும் கார்னகி பதக்கத்தையும், ஓவியத்துக்கு அப்போது வழங்கப்பட்டுவந்த கிரீனவே பதக்கத்தையும் 2012இல் அந்நூல் பெற்றது. ஒரே நூல் இரண்டையும் பெற்றது அதுவே முதன்முறை. திரைக்கதையையும் நெஸ் அவர்களே எழுத, ஸ்பெயின் நாட்டு இயக்குநர் ஹுவான் அந்தோனியோ பயோனா படமாக்கினார். ‘தி ஆர்ஃபனேஜ்’ (2007), ‘தி இம்பாசிபிள்’ (2012) என்னும் தம் முந்தைய படங்களிலும் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே நேரும் பிரிவையே அவர் பொருளாகக் கொண்டிருந்தார். ஸ்பெயினின் கோயா விருதுகளுள் ஒன்பதை இப்படம் 2017இல் பெற்றது.

கதை எளியது. இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் கானர் ஓ’மேலி என்னும் சிறுவன் தன் தாயுடன் வாழ்கிறான். தாய்க்குப் புற்றுநோய். தந்தை வேறொரு குடும்பத்துடன் அமெரிக்காவில் இருக்கிறார். காலைச் சிற்றுண்டியைத் தானே ஆயத்தம் செய்து, துணிகளைத் தானே துவைத்து, பள்ளியில் முரட்டுச் சிறுவரிடம் அடி வாங்கிக்கொண்டு மௌனமாக நாட்களைக் கழிக்கும் அச்சிறுவனுக்கு இரவுதோறும் ஒரே தீக்கனவு வருகிறது. கோயில் இடிந்து விழுகிறது. கல்லறைத் தோட்டம் பிளக்கிறது. பிளவின் விளிம்பில் ஒருவரின் கையை அவன் பற்றிக்கொண்டிருக்கிறான். கனவின் முடிவை அவன் எவரிடமும் சொல்வதில்லை. ஓர் இரவு, மணி 12:07க்கு, கல்லறைத் தோட்டத்து யூ மரம் பூதமாக எழுந்து அவன் சன்னலருகே வந்து நிற்கிறது. தான் மூன்று கதைகள் சொல்லப்போவதாகவும், நான்காவது கதையை அவனே சொல்ல வேண்டும் என்றும், அது அவன் மறைத்துவைத்திருக்கும் உண்மையாக இருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது.

கானராக லூயிஸ் மெக்டூகலும், தாயாகப் பெலிசிட்டி ஜோன்ஸும், பாட்டியாகச் சிகர்னி வீவரும் நடித்துள்ளனர். பூதத்தின் குரல் லியம் நீசனுடையது. மெக்டூகலின் நடிப்பில் அழுகை குறைவு. இறுகிய வாயும் பிறர் முகத்தைப் பாராத கண்களுமே அவனது துயரத்தைப் புலப்படுத்துகின்றன. படத்தின் வலிமையில் பாதி அச்சிறுவனின் முகத்தைச் சார்ந்தது எனலாம்.

2. கேட்பவனைத் திருப்பும் கதைகள்

பூதம் கூறும் கதைகள் நீர்வண்ண ஓவியங்களாகத் திரையில் விரிகின்றன. முதற்கதையில் சூனியக்காரி எனப் பழிக்கப்படும் இளம் அரசியும், தன் காதலியைப் பறிகொடுத்த இளவரசனும் வருகின்றனர். அரசியே கொலைகாரி என்று கானரைப் போலவே நாமும் முடிவு செய்கிறோம். கொலை செய்தவன் இளவரசன். பூதம் தீயினின்று காப்பாற்றியது அரசியை. அரசி நல்லவளும் அல்லள். இளவரசனோ பின்னர் மக்கள் விரும்பும் அரசனாக ஆண்டான். கானருக்குச் சினம் உண்டாகிறது. இக்கதையில் நல்லவர் யார் என்று வினவும் அவனுக்கு, எப்போதும் நல்லவர் ஒருவர் இருப்பதில்லை என்பதே விடையாகக் கிடைக்கிறது.

இக்கதைமுறை திருமறையைப் பயின்றோருக்குப் புதிதன்று. நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் ஓர் ஆட்டுக்குட்டியின் கதையைச் சொல்கிறார் (2 சாமுவேல் 12). கேட்பவன் தீர்ப்புக் கூறுகிறான். கூறிய தீர்ப்பு அவன்மேலேயே திரும்புகிறது. நம் ஆண்டவரின் உவமைகளிலும் இவ்வமைப்பைக் காண்கிறோம். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. நாத்தானின் கதை குற்றத்தை மறைத்தவனைக் குற்றவாளி என்று காட்டுகிறது. பூதத்தின் கதையோ, தன்னைக் குற்றவாளி என்று ஏற்கனவே தீர்த்துவிட்ட ஒரு பிள்ளையின் தீர்ப்பைத் தளர்த்துகிறது. இருவேறு நோயாளிகளுக்கு ஒரே மருந்து இருவேறு வகையில் கொடுக்கப்படுகிறது.

3. குருவானவரின் வீடு

இரண்டாம் கதை நம்மைப் போன்றோரைக் குறித்தது. ஒரு மூலிகை மருத்துவர். பேராசையும் கடுஞ்சொல்லும் உடையவர். குருமனை வளாகத்தில் நிற்கும் யூ மரத்தை மருந்துக்காகக் கேட்கிறார். குருவானவர் மறுக்கிறார், அம்மருத்துவரிடம் செல்ல வேண்டாம் என்று சபையாருக்கும் போதிக்கிறார். மருத்துவரின் தொழில் அழிகிறது. பின்னர்க் குருவானவரின் இரு புதல்வியரும் நோயில் விழுகின்றனர். அவர் மருத்துவரிடம் ஓடிச் சென்று, மரத்தைத் தருவதாகவும் தாம் போதித்ததனைத்தையும் கைவிடுவதாகவும் கூறி இரக்கிறார். மருத்துவர் உதவவில்லை, பிள்ளைகள் இறக்கின்றனர். பூதம் எழுந்து இடிப்பது மருத்துவரின் வீட்டையன்று, குருவானவரின் வீட்டை.

இது திருச்சபைக்கு எதிரான கேலி என்று சிலருக்குத் தோன்றலாம். சாகும் பிள்ளைகளுக்காகக் கொள்கையைக் கைவிடும் தந்தையை யார் பழிக்க இயலும் என்ற வினாவும் எழும். அவ்வினா நியாயமானதே, கதை தந்தையரிடம் கடுமையாகவே நடந்துகொள்கிறது. எனினும் அதன் கூர்முனை வேறிடத்தில் இருக்கிறது. பிறர் வீட்டுப் பிள்ளைகள் நோயுற்ற நாட்களில் அக்குருவானவர் மரத்தைத் தரவில்லை, வழியையும் அடைத்தார். தம் வீட்டுக் கதவை நோய் தட்டியபோதுதான் தம் போதனையின் எடை அவருக்குத் தெரிந்தது. அது அவரது விசுவாசமாக இருந்ததில்லை. பிறர்மேல் சுமத்தும் கட்டளையாக மட்டுமே இருந்தது. மருந்துவ உதவியை மறுத்து ஜெபத்தை மட்டும் நாடச் சொல்லும் போதனைகள் பல நாடுகளின் சபைகளில் எழுந்துள்ளன. அவற்றைக் குறித்து நமக்கு இக்கதை ஓர் உரைகல்லாகும். பிறர் பிள்ளையின் படுக்கையருகே நாம் சொல்வதை நம் பிள்ளையின் படுக்கையருகேயும் சொல்வோமா?

இக்கதை நடக்கையில் கானரும் பூதத்துடன் சேர்ந்து குருவானவரின் வீட்டை உடைக்கிறான். விழித்துப் பார்த்தால் உடைந்து கிடப்பது அவன் பாட்டியின் வரவேற்பறை. படத்தின் அடுத்த வினா இங்கே தொடங்குகிறது.

4. தண்டனை இல்லாமை

பாட்டி வந்து பார்க்கிறார். தண்டிக்கவில்லை. மறுநாள் தந்தையும், தண்டித்து ஆவதென்ன என்னும் கருத்தில் பேசுகிறார். பிறகு பள்ளியில், தன்னைத் துன்புறுத்திவந்த மாணவனைக் கானர் மருத்துவமனைக்கு அனுப்புமளவுக்கு அடித்துவிடுகிறான். தலைமையாசிரியையும் அவ்வாறே கூறி அனுப்பிவிடுகிறார். ஒவ்வொரு முறையும் அச்சிறுவனின் முகத்தில் தோன்றுவது ஆறுதலன்று, ஏமாற்றம். அவன் தண்டனையை எதிர்பார்த்தே நிற்கிறான். ஒவ்வொருவரும் அவனுக்கு இரங்குகின்றனர். இரங்குவதனாலேயே அவனை அணுகாமல் விலகிவிடுகின்றனர்.

இப்பகுதியே இறையியல் நோக்கில் படத்தின் மையம் எனக் கருதுகிறோம். தண்டனை இல்லாமை மன்னிப்பாகிவிடாது. மன்னிப்பவர் குற்றத்தைக் கேட்க வேண்டும். அதன் பெயரை அறிய வேண்டும். அறிந்தபின் குற்றவாளியின் அருகில் நிற்க வேண்டும். கானரைச் சுற்றியிருப்போர் கேட்பதற்கு முன்பே விட்டுவிடுகின்றனர். டீட்ரிக் போன்ஹாஃபர் 1937இல் வெளிவந்த தம் நூலில் ‘மலிவான கிருபை’ என்று எதனைக் குறித்தாரோ, அதற்கு ஒப்பான ஒன்றை இக்குடும்பத்தில் காண்கிறோம். அவர் மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பைப் பற்றிப் பேசினார். இங்கே இருப்பது செவிகொடுத்தல் இல்லாத மன்னிப்பு. பெறுபவனுக்கு இதுவும் சுமையாகவே முடிகிறது. ஏனெனில் அவன் மறைத்துவைத்துள்ள குற்றம் உடைந்த நாற்காலிகளைப் பற்றியதன்று. அதனைக் கேட்பவர் ஒருவரும் இல்லை.

அவன் வீட்டுச் சன்னலிலிருந்து பார்த்தால் கோயிலும் கல்லறைத் தோட்டமும் தெரிகின்றன. ஆனால் படம் முழுவதிலும் அவ்வீட்டிற்கு ஒரு போதகரும் வருவதில்லை. கோயில் காட்சிப் பின்னணியாக மட்டும் நிற்கிறது. கனவில் இடிந்து விழுகிறது. மேற்கத்திய நாடுகளில் பல குடும்பங்களுக்குக் கோயில் அவ்வளவில் நின்றுவிட்டது என்பதை இயக்குநர் எவ்வித விளக்கமுமின்றிக் காட்டிவிடுகிறார். போதகர் வராத இடத்திற்குக் கல்லறைத் தோட்டத்து மரம் வருகிறது.

5. நஞ்சும் மருந்தும்

அம்மரத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். யூ என்பது என்றும் பசுமை மாறாத, பல நூற்றாண்டுகள் வாழும் மரம். பிரிட்டனின் பழைய கோயில் வளாகங்களில் இதனைக் காணலாம். கோயிலினும் முதிய மரங்களும் உண்டு. விதையைச் சூழ்ந்த சிவந்த சதைப்பற்றைத் தவிர அதன் உறுப்புகள் யாவும் நஞ்சு. ஆயினும் அமெரிக்க மேற்குக் கரையில் வளரும் யூ இனமொன்றின் பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருள், ‘டாக்சால்’ என்னும் பெயரில் புற்றுநோய் மருந்தாயிற்று. அதன் வேதியியல் அமைப்பு 1971இல் வெளியிடப்பட்டது. 1992இன் இறுதியில் அமெரிக்க அரசு அதனைப் பயன்படுத்த ஒப்புதல் அளித்தது. சாவின் தோட்டத்தில் நிற்கும் நச்சு மரமே உயிர்காக்கும் மருந்தையும் தருகிறது என்னும் இவ்வுண்மையின்மேல்தான் கதை கட்டப்பட்டுள்ளது.

கானரின் தாய்க்கு இறுதியாகக் கொடுக்கப்படுவது யூ மரத்திலிருந்து பெறப்பட்ட மருந்தே. பூதம் தாயைக் குணமாக்கவே வந்தது என்று சிறுவன் நம்புகிறான். பிற கற்பனைக் கதைகளாயின் மருந்து பலித்திருக்கும். இங்கே பலிக்கவில்லை. சினத்துடன் மரத்திடம் ஓடும் சிறுவனிடம், தான் வந்தது தாயைக் குணமாக்கவன்று, அவனைக் குணமாக்கவே என்று பூதம் கூறுகிறது. கேட்ட அற்புதம் மறுக்கப்பட்டு, கேளாத ஒன்று கொடுக்கப்படுகிறது. ஜெபத்தைப் பற்றி நாம் நிகழ்த்தும் பிரசங்கங்கள் பல இவ்விடத்திற்கு வருமுன்னரே முடிந்துவிடுகின்றன.

6. நான்காம் கதை

இறுதியில் சிறுவன் தன் கனவின் முடிவைச் சொல்லியே ஆகவேண்டிய நிலை வருகிறது. பிளவின் விளிம்பில் அவன் பற்றியிருந்தது தாயின் கையை. அது நழுவவில்லை, அவனே விட்டுவிட்டான். தாய் பிழைக்கமாட்டார் என்பதை அவன் தொடக்கத்திலிருந்தே அறிந்திருந்தான். காத்திருக்கும் வேதனை தாங்காமல், எல்லாம் முடிந்துபோனால் போதும் என்று விரும்பினான். அவ்விருப்பமே தாயைக் கொல்கிறது என்று எண்ணி, அதற்குரிய தண்டனையை எதிர்நோக்கியே இத்தனை நாளும் வாழ்ந்தான்.

நெடுநாள் நோயாளியை வீட்டில் வைத்துப் பேணிய எவரும் இவ்வெண்ணத்தை அறிவர். அறிந்தும் வெளியே சொல்லார். திருமறை இதனைச் சொல்லத் தயங்கவில்லை. எலியா ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்ற பொருளில் வேண்டுகிறார் (1 இராஜாக்கள் 19). அவரைக் கடவுள் கடிந்துகொள்ளவில்லை. எலியா உறங்குகிறார், தூதன் வந்து தட்டியெழுப்பி அப்பமும் தண்ணீரும் தருகிறான், பயணம் இன்னும் நெடியது என்பதே அவருக்குக் கூறப்படுகிறது. கானரும் உண்மையைச் சொன்னபின் மரத்தடியில் உறங்கிவிடுகிறான். தேடி வந்து அவனைக் கண்டுபிடிப்பவர் பாட்டி. அவர் அவனை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு விரைகிறார். தங்களுக்குள் ஒற்றுமை அதிகமில்லை, ஆயினும் அவன் தாய் இருவருக்கும் பொதுவானவள் என்னும் கருத்தை வழியில் கூறுகிறார். அதுவரை இருவருக்கும் இடையே நின்ற பகை அவ்வொரு பேச்சில் தணிகிறது. தன் மகளையே இழந்துகொண்டிருக்கும் அம்முதியவளைச் சிகர்னி வீவர் மிகைப்படுத்தாமல் காட்டியிருக்கிறார்.

மருத்துவமனையில் கானர் தன் தாயைப் பற்றிக்கொண்டு, போகவேண்டாம் என்று முதன்முறையாக வாய்விட்டுச் சொல்கிறான். முடிந்துபோகட்டும் என்று விரும்பியதும் உண்மை. போகவேண்டாம் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே நெஞ்சு தாங்கும் என்பதை அறிந்தபின்னரே அவனால் தாயை விட முடிகிறது. கெத்செமனேயில் நம் ஆண்டவரும் பாத்திரம் நீங்க வேண்டுமென்று கேட்டார். பிதாவின் சித்தத்திற்குத் தம்மை ஒப்புக்கொடுக்கவும் செய்தார். முதல் வேண்டுதலைச் சொல்லாமல் இரண்டாவதை மட்டும் சொல்லுமாறு நாம் துயருற்றோரைப் பழக்குகிறோம். சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது; அதுவும் ஜெபமாகவே தொகுக்கப்பட்டுள்ளது. யோபு நூலின் இறுதியில் கடவுள் சினங்கொள்வது ஆறுதல் கூற வந்த நண்பர்கள்மேல். நிதானமாய்ப் பேசியவன் என்று அவர் சொல்வது முறையிட்டுப் புலம்பிய யோபுவை (யோபு 42:7).

7. படம் நிற்கும் இடம்

இவ்வளவு பாராட்டத்தக்க படத்தில் இரு குறைகளைச் சுட்டுதல் வேண்டும்.

முதலாவது, பூதம் வழங்கும் ஆறுதலைப் பற்றியது. மனிதன் நினைப்பது பெரிதன்று, செய்வதே பெரிது என்னும் கருத்தில் அது சிறுவனைத் தேற்றுகிறது. துன்புறும் பிள்ளைக்கு அவ்வேளையில் இது போதுமானதே. இதனைவிட நல்ல முதலுதவி இல்லை எனலாம். ஆயினும் மலைப்பிரசங்கம் வேறு வழியில் செல்கிறது. மத்தேயு 5ஆம் அதிகாரம் உள்ளத்தின் எண்ணத்தையும் செயலைப் போலவே எடைபோடுகிறது. நினைப்பு ஒன்றுமில்லை என்று சொல்லி நம்மை விடுவிக்கும் வழியை நற்செய்தி தேர்ந்துகொள்ளவில்லை. நினைப்பையும் அறிந்த ஒருவர் நம்மை விட்டு விலகவில்லை என்பதே அது தரும் ஆறுதல். பூதம் குற்றத்தின் எடையைக் குறைக்கிறது. சிலுவை அதன் எடையை அறிந்தே சுமக்கிறது. கானர் வளர்ந்து, உண்மையாகவே ஒருவருக்குத் தீங்கிழைத்துவிட்ட நாளில், பூதத்தின் சொல் அவனுக்குப் போதாமற்போகும். அவன் அடித்து மருத்துவமனைக்கு அனுப்பிய மாணவனைப் படம் அதன்பின் மறந்துவிடுவதும் இவ்விடைவெளியையே காட்டுகிறது. காணப்படாத மனிதனைப் பற்றிய மூன்றாம் கதை மிகச் சுருங்கிப்போனதற்கும் இதுவே காரணமாகலாம்.

இரண்டாவது, படத்தின் முடிவைப் பற்றியது. நாவல் தாயின் படுக்கையருகே முடிகிறது. படமோ மேலும் ஒரு காட்சியைச் சேர்க்கிறது. தாயின் பழைய ஓவியப் புத்தகத்தில் பூதமும் அதன் கதைகளும் ஏற்கனவே வரையப்பட்டிருப்பதைக் கானர் காண்கிறான். பெற்ற விசுவாசத்தைத் தாய் பிள்ளைக்குக் கையளிப்பதை இக்காட்சி நினைவூட்டுகிறது. லோவிசாளும் ஐனிக்கேயாளும் தீமோத்தேயுவுக்குக் கையளித்ததை (2 தீமோத்தேயு 1:5) இங்கு எண்ணிப் பார்க்கலாம். அவ்வகையில் அழகிய காட்சியே. ஆனால் இழப்பும் உண்டு. வெளியிலிருந்து அழையாமல் வந்து, அச்சுறுத்தி, உண்மையைக் கேட்ட அந்நியன், இக்காட்சியில் குடும்பத்தின் நினைவுப்பொருளாகச் சிறுத்துவிடுகிறான். யாப்போக்கு ஆற்றங்கரையில் யாக்கோபுடன் போராடியவர் விடியுமுன் பெயர் சொல்லாமலே சென்றார். அத்தகைய மறைவை இப்படம் இறுதிவரை காத்திருக்கலாம்.

8. அருட்பணிக்குச் சில கருத்துகள்

போன்ஹாஃபர் 1939இல் வெளியிட்ட, கிறிஸ்தவர் கூடி வாழ்தல் பற்றிய நூலில், சகோதரனுக்கு நாம் செய்யவேண்டிய முதற்பணி அவனுக்குச் செவிகொடுத்தலே என்றார். அச்சகோதரன் சிறுவனாகவும் இருக்கலாம் என்பதை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் சபைகளில் இறப்பு வீட்டிற்குச் செல்லும் போதகர் பெரியவர்களோடு அமர்ந்து வேதம் வாசித்து ஜெபித்துத் திரும்புகிறார். பிள்ளைகளை உறவினர் யாராவது அப்புறப்படுத்தியிருப்பர். அம்மா ஆண்டவரிடம் போயிருக்கிறார்கள், அழக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும். அச்சொற்களின் முற்பகுதி நம் விசுவாசம். பிற்பகுதி விசுவாசத்தைச் சேர்ந்ததன்று. லாசருவின் கல்லறையருகே, அவனை எழுப்பப்போகிறவரே கண்ணீர்விட்டார்.

நோய் நீண்டுகொண்டிருக்கும் வீட்டில், இறப்பதற்கு முன்னரே போதகர் பிள்ளையைத் தனியே சந்திக்கலாம். தாயின் நிலையைப் பிள்ளையின் வயதுக்கேற்ற சொற்களில் மறைக்காமல் கூறுமாறு குடும்பத்தாரைத் தூண்டலாம். சுகமாகிவிடும் என்று கடவுளின் பெயரால் உறுதிமொழி தருவதைத் தவிர்க்க வேண்டும். அவ்வாக்குறுதி தவறும்போது பிள்ளை தன்னையோ கடவுளையோ குற்றவாளியாக்கும். பிள்ளை எதையேனும் உடைத்தாலோ ஒருவரை அடித்தாலோ, தண்டிப்பதா விட்டுவிடுவதா என்று முடிவுசெய்வதற்கு முன், அவன் எதற்காகத் தண்டனையை எதிர்பார்க்கிறான் என்று கேட்க வேண்டும். விடை உடனே வாராது. பூதமே மூன்று கதைகள் சொன்ன பிறகுதான் நான்காவதைக் கேட்டது.

இறையியல் மாணவர்கள் மேய்ப்புப்பணிப் பாடத்தின் ஒரு பகுதியாக இப்படத்தைக் கண்டு கலந்துரையாடுவது பயன் தரும். துயரின் நடுவிலுள்ள சிறு பிள்ளைகளுக்கு இதனைத் தனியே காட்டுதல் தகாது. கனவுக் காட்சிகள் அச்சமூட்டுவன. உடன் அமர்ந்து பார்க்கவும், பார்த்தபின் அவர்கள் பேசும்வரை எழுந்து போகாமல் இருக்கவும் ஒரு பெரியவர் வேண்டும்.